வெளிக்கோடும் அதே பெயிண்ட்டுதானா?

போன மாதம் கிளப்பிலிருந்து சதீஷ் போன் பண்ணினான். நான் ரிட்டையர் ஆன பிறகு என் வேலையில் இருப்பவன் அவன்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பொறுப்பானவன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அண்ணே, ஸ்டோர் ரூம காலி பண்றோம். புல்லு கோர்ட்டுக்கு இனிமே டின்ல வர்ற ரெடிமேட் பெயிண்ட்டுதான். மேல் தட்டுல ஒரு சின்ன டப்பால மஞ்சத்தூள் கெடக்குது. நீங்க என்னா, கோர்ட்ல சாம்பாரு வச்சிங்களா? தூக்கிப் போட்டுடவா?"

"இரு, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஏழுமலை. புதுச்சேரியில் ஒரு டென்னிஸ் கிளப்பில் முப்பத்தோரு வருஷம் கிரவுண்ட்ஸ்மேன். உழவர்கரைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, அது பிளாட் ஆனதும் புல் வெட்டும் வேலைக்கு வந்தேன். புல்லை எவ்வளவு உயரம் விடுவது, ரோலரை எப்போது உருட்டுவது, பனி ஈரம் காய எத்தனை மணி ஆகும் என்பதெல்லாம் நாலைந்து வருஷத்தில் கைக்கு வந்துவிட்டது. நெல்லை வளர விட்டவனுக்குப் புல்லை வளர விடாமல் வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அது ஒன்றும் பெரிய கதை இல்லை. பெரிய கதை முசியே லூர்துவிடம்தான் ஆரம்பிக்கிறது.

லூர்துசாமி எங்கள் போட்டிகளுக்கெல்லாம் ரெஃப்ரி. ரெட்டியார்பாளையத்தில் வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். ஊரே அவரை முசியே என்றுதான் கூப்பிடும், நம் ஊர் ஐயா மாதிரி. அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு வேலை அவருக்குத் திருப்தியாக இருந்தால் "பொன்" என்பார், பிரெஞ்சில் சரி என்று அர்த்தம். திருப்தி இல்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் அங்கேயே நிற்பார். திட்டுகிற ஆளைச் சமாளித்துவிடலாம் சார், இப்படி நிற்கிற ஆளிடம் ஒன்றும் பண்ண முடியாது.

போட்டி நாளில் காலை ஆறே முக்காலுக்கு அவர் கோர்ட்டுக்குள் வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்குதிகாலால் புல்லை அழுத்தி ஈரம் பார்ப்பார். அடுத்து நெட் உயரம். அதற்கடுத்துதான் கோடு. சட்டைப் பையில் இருந்து சின்னத் தகர டப்பாவை எடுப்பார், உள்ளே மஞ்சள்தூள். விரலை நாக்கில் தொட்டு, மஞ்சளில் தொட்டு, குனிந்து கோட்டின் மேல் தேய்ப்பார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் பெயிண்ட். சிவந்தால் சுண்ணாம்பு. ஆரத்தித் தட்டில் நம் வீட்டுப் பெண்கள் செய்கிற அதே சங்கதிதான். ஒவ்வொரு கோர்ட்டிலும் ஐந்து இடம்: பின்கோடு, சர்வீஸ் கோடு, உள் பக்கக்கோடு, பிறகு இடது வெளிக்கோடு, வலது வெளிக்கோடு. ஐந்தும் பார்த்த பிறகு தாளில் 'ஐந்து இடங்களில் சோதித்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவார்.

"எதுக்கு முசியே இவ்ளோ?" என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டேன்.

"சுண்ணாம்பு கண்ணுல பட்டா தூசி மாதிரி இருக்காது ஏழுமலை. உள்ள போய் வேகும். ஒருத்தனுக்கு அப்படி ஆனத நான் கிட்ட இருந்து பாத்திருக்கேன். மீதிய கேக்காத."

நான் கேட்கவில்லை. ஆனால் சுண்ணாம்பு கண்ணை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

பதினாலு வயதுக்கு உட்பட்ட பையன்கள் போட்டி அது. கடலூர், காரைக்கால், சென்னை என்று பல இடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அப்போது நான் பதினோரு வருஷமாக டெம்பரவரி. செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு, "டோர்னமென்ட்டு நல்லபடியா முடியட்டும் ஏழுமலை, உன் பெர்மனென்ட் ஆர்டர கமிட்டில வைக்கறேன்" என்று சொல்லியிருந்தார். மூன்று நாள் நல்லபடியாகவே போனது. நாலாவது நாள் அரையிறுதி. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு மழை அடித்து கோடெல்லாம் கலங்கிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து ஸ்டோரைத் திறந்தேன். பெயிண்ட் டிரம்மின் மூடியை நான் சரியாக மூடவில்லை. ஓட்டு இடுக்கில் ஒழுகிய தண்ணீர் முழுக்க அதற்குள்தான் இறங்கியிருந்தது. மேலே இருந்ததெல்லாம் பால் கலந்த தண்ணீர். அடியில் கெட்டியாகக் கொஞ்சம் தேறியது.

அட கிரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இருந்ததை வைத்து முதல் கோர்ட் முழுக்கப் போட்டேன். இரண்டாவது கோர்ட்டில் உள்கோடு எல்லாம் போட்டேன். வெளிக்கோடு இரண்டும் பாக்கி. பெயிண்ட் தீர்ந்து, கோடு போடுகிற வண்டி தடதடவென்று காற்றை இழுத்தது.

டென்னிஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒற்றையர் ஆட்டத்துக்கு உள்கோடுதான் எல்லை. இரட்டையர் ஆடும்போதுதான் அதற்கு நாலரை அடி தள்ளி இருக்கும் வெளிக்கோடு கணக்கில் வரும். இரண்டாவது கோர்ட்டில் காலையில் ஒற்றையர், பதினோரு மணிக்கு மேல் இரட்டையர்.

செக்ரட்டரிக்குப் போன் போட்டு டிரம் கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் கெட்டது என்பார். மூடியைச் சொல்ல வேண்டும். ஆர்டர் போய்விடும். ஸ்டோர் மூலையில், காம்பவுண்டு சுவருக்கு வெள்ளை அடித்தவர்கள் விட்டுப்போன அரை மூட்டை சுண்ணாம்புத்தூள் சாய்ந்திருந்தது. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கரைத்து, துணியில் வடிகட்டி, வண்டியில் ஊற்றி இழுத்துவிட்டேன்.

சுண்ணாம்பு ஈரத்தில் வெளுப்பாகத் தெரியாது, காய்ந்தால்தான் பளிச்சென்று ஆகும். உள்கோடு வெள்ளையாகவும் வெளிக்கோடு சோகை பிடித்தது போலவும் இருந்தது. முசியே பார்த்தால் பிடித்துவிடுவார் என்று, காய்ந்த தூளை அள்ளி அதன் மேல் தூவினேன். கலக்கியது ஒரு தப்பு. தூவியதுதான் பெரிய தப்பு.

ஆறே முக்காலுக்கு முசியே வந்தார். அன்றைக்கு அவருக்கு வலது முட்டி வீங்கியிருந்தது, காலை இழுத்து இழுத்து நடந்தார். முதல் கோர்ட்டில் ஐந்து இடமும் பார்த்தார், ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் பல்லைக் கடித்தார். இரண்டாவது கோர்ட்டில் பின்கோடு, சர்வீஸ் கோடு, உள்கோடு. மூன்றும் மஞ்சள். நிமிர்ந்து நெட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிக்கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வெளிக்கோடும் அதே பெயிண்ட்டுதானா?"

"ஆமா முசியே. அதே டிரம்முதான்."

"பொன்" என்றார். தாளில் கையெழுத்துப் போட்டார்.

அந்த மனிதர் என்னை நம்பினார் என்று சந்தோஷப்படவா முடியும்? ஒற்றையர் ஆட்டம் முடிகிற வரைக்கும் அந்தக் கோட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. நான் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் ஏற ஏறக் கோடு பளபளவென்று வெளுத்தது. அவ்வளவு அழகான கோட்டை நான் அதற்கு முன்னால் போட்டதே இல்லை.

பத்தே முக்காலுக்கு ஒற்றையர் முடிந்தது. ஓஸ் பிடித்துக் கழுவிவிடலாமா என்று நினைத்தேன். ஆட்டத்துக்கு முன்னால் புல்லை நனைத்தால் பிள்ளைகள் வழுக்கி விழும், முசியே காரணம் கேட்பார். விளக்குமாற்றை எடுத்துத் தூளைப் பெருக்கித் தள்ளப் பார்த்தேன்.

"என்ன பண்ற?" என்று நாற்காலிப் பக்கமிருந்து அவர் கேட்டார்.

"எல முசியே. வேப்பெல."

இரண்டாவது பொய். விளக்குமாற்றோடு வெளியே வந்துவிட்டேன்.

தினேஷ் என்று ஒரு பையன். வில்லியனூர்ப் பக்கம். அம்மா மட்டும்தான் கூட வந்திருந்தார். தையல் வேலை செய்கிறவர், பையன் போட்டிருந்த வெள்ளை ட்ரவுசர் அவரே தைத்தது என்று முதல் நாளே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். அவனும் அவன் கூட்டாளியும் ஒரு பக்கம், சென்னைப் பையன்கள் இருவர் மறுபக்கம். நான் வெளிக்கோட்டுக்கு நேராக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது கேமில் ஒரு பந்து இடது வெளிக்கோட்டில் விழுந்தது. புஸ் என்று வெள்ளைத் தூள் கிளம்பியது. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். தூள் பறந்தால் பந்து கோட்டில் பட்டது என்று எல்லாருக்கும் தெரியும், தகராறே இல்லை. நாற்காலியில் இருந்த அம்பயர் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலைக் காட்டினார்.

"சூப்பர் கோடுண்ணா!"

நான் சிரித்தேன். சிரித்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்தும் ஓரமாகப் போகும்போது என் உயிர் போய் உயிர் வந்தது. நடுவில் போ, நடுவில் போ என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். எந்தச் சாமியைக் கூப்பிடவில்லை சொல்லுங்கள். பதினொன்றரைக்குக் கடல்காற்று வேறு எடுத்துக்கொண்டது. தூள் கிளம்பினால் இப்போது உள்ளே பையன்கள் பக்கமாகத்தான் வரும்.

இரண்டாவது செட். நாலுக்கு நாலு. சென்னைப் பையன் ஒருத்தன் ஓரமாக ஒரு அடி அடித்தான். தினேஷ் ஓடினான், எட்டாது என்று தெரிந்து பாய்ந்தான். பந்து கோட்டில் விழவும், அவன் முகம் அதற்கு ஒரு முழம் தள்ளி விழவும் சரியாக இருந்தது. வெள்ளைத் தூள் அவன் முகத்தில் அடித்தது.

"அம்மா!" என்று ஒரே சத்தம். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உருண்டான்.

முசியே ஸ்டாப் வாட்சை அமுக்கிக்கொண்டே உள்ளே நொண்டிப் போனார். அடிபட்டால் மூன்று நிமிஷம் கொடுப்பார்கள், அதுதான் விதி. பையனைப் பெஞ்சில் உட்கார வைத்து பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி முகத்தில் அடித்தார்கள். அவன் அம்மா ஓடிவந்து முந்தானையைச் சுருட்டி ஒற்றி, இமையைப் பிரித்து ஊதினார்.

"தூசிதான்டா கண்ணு. நல்லா முழிச்சிப் பாரு. தேய்க்காத. ஊஃப்... போயிடுச்சா?"

"எரியுதும்மா."

"எரியத்தான் செய்யும். இன்னும் ரெண்டு கேமுதான்டா."

நான் வேலிக்கு இந்தப் பக்கம். பத்தடி தூரம் இருக்கும். வாயைத் திறந்து ஐந்து எழுத்து சொன்னால் போதும். தூசியாகவும் இருக்கலாம் இல்லையா, புல்லாகவும் இருக்கலாம் இல்லையா, தண்ணிதான் ஊத்திட்டாங்களே என்று மனசு எனக்கு வக்கீல் வேலை பார்த்தது. முசியே என்னைப் பார்க்கவே இல்லை. ஏன் பார்க்க வேண்டும்? அதே டிரம் என்று நான்தான் சொல்லிவிட்டேனே.

"நேரம்" என்றார் முசியே.

பையன் எழுந்து போனான். அவன்தான் சர்வீஸ் போட வேண்டும். இடது கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தூக்கினான். நெட்டில் விழுந்தது. மறுபடியும் தூக்கினான், அதுவும் நெட். அவன் கூட்டாளி வந்து முதுகில் தட்டினான். அடுத்த பந்துக்கு அவன் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது, மூடியிருந்த கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரைக்கும் ஒழுகிக்கொண்டே இருந்தது. கன்னத்தில் அந்த ஓரம் முழுக்கச் சிவந்திருந்தது. மஞ்சள் சிவக்கிற மாதிரி.

செருப்புக் காலோடு கோர்ட்டுக்குள் ஓடினேன். முப்பத்தோரு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் செருப்போடு புல்லில் கால் வைத்தேன். பந்து ஆட்டத்தில் இருந்தது, அம்பயர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"சுண்ணாம்பு முசியே! வெளிக்கோடு ரெண்டும் சுண்ணாம்பு! நான்தான் போட்டேன்!"

முசியே நிற்கவில்லை. முதல் தடவையாக அவர் நிற்கவில்லை. "ஓஸ எடு" என்று மட்டும் சொன்னார்.

பையனைப் பெஞ்சில் சாய்த்துப் படுக்க வைத்து, அவர் இரண்டு விரலால் இமையைப் பிரித்துப் பிடித்தார். நான் ஓஸைச் சன்னமாகத் திருப்பி, மூக்குப் பக்கத்தில் இருந்து காதுப் பக்கமாக விட்டேன். பையன் கத்தினான், காலை உதைத்தான். அவன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கய்யா! தண்ணி ஊத்திக்கிட்டே கெடக்கறீங்களே!"

"முதல்ல தண்ணிதாம்மா. தண்ணிய நிறுத்தினா வேகும்" என்றார் முசியே. அவர் குரல் நடுங்கியதை அன்றைக்குத்தான் கேட்டேன். இருபது நிமிஷம் ஊற்றினோம். காரில் போகும்போதும் பாட்டில் பாட்டிலாக நான் ஊற்றிக்கொண்டே வந்தேன்.

கண் டாக்டர் மேல் இமையைத் திருப்பி, அதற்கடியில் ஒட்டியிருந்த சின்னக் கட்டி ஒன்றை எடுத்தார். கடுகில் பாதி இருக்கும்.

"பட்டதுல இருந்து எவ்ளோ நேரம் கழிச்சு ஒழுங்கா கழுவ ஆரம்பிச்சீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏழு நிமிஷம் சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். கட்டு எட்டு நாள் இருக்கும், அதற்கப்புறம்தான் பார்வை எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியும் என்றார்.

அந்த எட்டு நாள் நான் பட்ட பயத்தை எதிரிக்கும் வேண்ட மாட்டேன். வீட்டில் என் மகன் கண்ணைக் கசக்கினால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பேன். சோற்றில் தயிர் ஊற்றினால் அந்த வெள்ளையைப் பார்க்க முடியாமல் எழுந்துவிடுவேன். தினமும் சைக்கிளில் ஆஸ்பத்திரி வாசல் வரை போவேன், உள்ளே போகக் கால் வராது, டீக்கடையில் நின்றுவிட்டுத் திரும்புவேன். எட்டாவது நாள் முசியே வாசலிலேயே என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

கட்டைப் பிரித்தார்கள். சுவரில் இருந்த எழுத்துகளைப் பையன் மேலே இருந்து படித்துக்கொண்டே வந்தான். கடைசி இரண்டு வரி மட்டும் வரவில்லை. கருவிழியின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது போகாது, வெயிலில் கண் கூசும், ஆனால் பார்வை இருக்கிறது என்றார் டாக்டர். நான் அந்த அம்மாவின் காலில் விழப் போனேன். அவர் நகர்ந்துகொண்டார்.

"நீ ஓடியாந்து சொன்னதாலதான் கண்ணு தப்பிச்சிதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கட்டும். ஏன் அப்பவே சொல்லலன்னு நான் மட்டும்தான் கேக்கறேன். எம்புள்ள கண்ண நான் ஊதிக்கிட்டு நின்னேனே, நீ பாத்துக்கிட்டுதான இருந்த? ஏன் சொல்லல?"

தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

முசியே ரிப்போர்ட் எழுதினார். கொடுப்பதற்கு முன்னால் என்னை உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். என் பெயர்தான் முதலில் வரும் என்று நினைத்தேன். முதல் வரி இப்படி இருந்தது: 'இரண்டாவது கோர்ட்டில் ஐந்து இடங்களில் சோதித்ததாக நான் போட்ட கையெழுத்து பொய். மூன்று இடங்களில்தான் சோதித்தேன்.' அதற்குக் கீழேதான் டிரம், சுண்ணாம்பு, ஏழு நிமிஷம் எல்லாம்.

"முசியே, பொய் சொன்னது நான். நீங்க எதுக்கு..."

"உனக்கு வேல போயிடும்னு பயம். எனக்கு என்ன பயம்? முட்டி வலி. அவ்ளோதான்."

எனக்கு மெமோ கொடுத்தார்கள், ஆர்டரை ஆறு மாசம் தள்ளி வைத்தார்கள், பிறகு கொடுத்துவிட்டார்கள். தானாக வந்து ஒத்துக்கொண்டான் என்று கமிட்டியில் பேசினார்களாம். முசியேவை மட்டும் அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் கூப்பிடவில்லை. பொய் சொன்னவன் பெர்மனென்ட், உண்மையை எழுதினவர் வீட்டில். ஆர்டரை எடுத்துக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனேன். அவர் வாங்கிப் பார்த்து "பொன்" என்றார். பிறகு சட்டைப் பையில் இருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"நாலாவது இடமும் அஞ்சாவது இடமும் பாக்கி இருக்குது. நீ பாரு."

அன்றிலிருந்து ரிட்டையர் ஆகிற வரைக்கும் போட்டி நாள் காலையில் நான் வெளிக்கோட்டில் இருந்துதான் ஆரம்பித்தேன். நானே வாங்கிய பெயிண்ட், நானே கரைத்தது, நானே இழுத்த கோடு. இருந்தாலும் மஞ்சளைத் தேய்த்துவிட்டு அது நிறம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிற அந்த நாலைந்து நொடிக்கு மூச்சு விட மாட்டேன். ரிட்டையர் ஆன அன்றைக்கு டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போக மனசு வரவில்லை. கோர்ட் அங்கேதானே இருக்கிறது என்று ஸ்டோரில் மேல் தட்டில் வைத்துவிட்டேன். யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

சதீஷைத் திரும்பக் கூப்பிட்டேன். டப்பாவைத் தூக்கிப் போடாதே என்றேன். ஏன் என்று கேட்டான். மூடி, மூட்டை, வேப்பிலை, ஏழு நிமிஷம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏண்ணே," என்றான், "ஏன் அப்பவே சொல்லல?"

"பயம்டா" என்றேன்.

ஒரே வார்த்தைதான். அன்றைக்கு அந்த அம்மா கேட்டபோது சொல்லியிருக்க வேண்டியது.